ஒரு சாண் தூரம்

பிப்ரவரி 3

என் நத்தைக்குட்டிக்கு,

பாட்டி எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, தையல் ஆறிவிட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

நம் வீட்டுப் பிள்ளைகளின் செய்தியைக் கேள். உன் பெரிய மாமா மகன் பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டான். மஞ்சள் தொப்பி போய் வெள்ளைத் தொப்பி வந்துவிட்டது. வெள்ளைத் தொப்பிக்காரனைக் கேட்காமல் அங்கே ஒரு துரும்பு நகராதாம். வீட்டில் சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் கட்டை விரலில் அடித்துக்கொள்கிறான். அவன் தங்கை பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷமும் வகுப்பிலேயே முதல். என் வாயையும் கொஞ்சம் பாரேன் என்றேன். "உன் வாயில பாக்குறதுக்கு நாக்கு மட்டும்தான் பாட்டி இருக்கு, அதுக்கு நான் டாக்டர் இல்ல" என்கிறாள். சின்ன மாமாவின் இரட்டையரில் ஒருத்தன் ஓட்டத்தில் முதல். இன்னொருத்தன் மேடைப் பேச்சில் பரிசு. இரண்டாம் பரிசு என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

கடைசியில் நீ. பிள்ளைகளிலேயே மெதுவாக நடந்தவள், எல்லோரையும் முந்திக்கொண்டு இந்தக் குடும்பத்தின் நாலாவது தலைமுறையைப் பெற்றுவிட்டாய். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். பொத்தான் கடைக்காரரிடம் சொன்னேன். கண் டெஸ்ட் பண்ணுகிற பேத்தி, பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்று வரிசையாகச் சொன்னேன்.

நீ இப்போது எழுந்து நடமாட ஆரம்பித்திருப்பாய். நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தான். உன் அம்மாவைப் பெற்ற மூன்றாம் நாள் நான் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தவள். அந்தக் கதைதான் உனக்குத் தெரியுமே. உன் அம்மா இருந்திருந்தால் இப்போது உன்னுடன் வந்து இருந்திருப்பாள். சரி, அதை விடு.

காது போன பிறகு போன் எனக்கு வெறும் பொம்மை. அதனால் கடிதம்தான். சுவரில் வெள்ளைத் தொப்பிக்காரன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துவிட்டேன், நானே. என் கொள்ளுப்பேத்தியின் படத்தைத் தபாலில் அனுப்பு.

உன் பாட்டி

பிப்ரவரி 26

பாட்டிக்கு,

நலம். குழந்தை நலம். நாலு கிலோ இருக்கிறாள். தடுப்பூசி போட்டாயிற்று. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். படம் வைத்திருக்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் தூரம்தான் தெளிவாகத் தெரியும் என்று கண்ணாடிக் கடைக்கு வரும் அம்மாக்களிடம் நான் சொல்வதுண்டு. மடியில் படுத்தால் அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அதற்கு அப்பால் எல்லாம் வெறும் புகை. இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

நத்தை

மார்ச் 7

நத்தைக்குட்டிக்கு,

படம் கிடைத்தது. முழங்கால் வலியோடு தெருவை இரண்டு சுற்று வந்து எல்லோரிடமும் காட்டிவிட்டேன். மூக்கு நம் வீட்டு மூக்கு, சந்தேகமே இல்லை. நெற்றி மாப்பிள்ளையுடையது. போகட்டும், அவருக்கும் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

ஆனால் என் பேத்தி எங்கே? மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை ஏந்தியிருக்கிறார். பின்னால் ஒரு கதவு. கதவு நிலையில் ஒரு கை தெரிகிறது. மோதிரத்தைப் பார்த்தால் உன் கைபோல இருக்கிறது. நீ ஏன் வெளியே நிற்கிறாய்? தலை வாராமல் இருந்தாயா? பிள்ளை பெற்றவள் தலை வாராமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எப்படியும் பகலெல்லாம் அவளை நீ கீழே விடாமல் கொஞ்சிக்கொண்டிருப்பாய். அந்தக் கோலத்திலேயே ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் கடிதம் கணக்கு வாத்தியார் எழுதியது மாதிரி இருந்தது. நாலு கிலோ, மூன்று மணி நேரம்! அவள் சிரித்தாளா, உன் விரலைப் பிடித்தாளா, அதை எழுது.

பெரிய மருமகள் உன்னை விசாரித்தாள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பாட்டி

ஏப்ரல் 11

மரியாதைக்குரிய பாட்டிக்கு,

உங்கள் பேரன் முறையில் உள்ளவன் எழுதுவது. உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இதற்குமுன் நான் உங்களுக்கு எழுதியதில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நீங்கள் போட்ட கடிதத்துக்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை. எழுத உட்காருகிறாள், தேதி போடுகிறாள், எழுந்துவிடுகிறாள்.

போன மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் வீடு திரும்பினேன். எங்கள் வீடு நாலாவது மாடி. இரண்டாவது மாடிப் படியில் அவள் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து குழந்தை வீறிடுவது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "என்னம்மா, குழந்தை அழுது" என்றேன். "எந்தக் குழந்தை?" என்றாள். பிறகு, "கேக்குது. ஆனா அது என்னைக் கூப்பிடல" என்றாள்.

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் மனச்சோர்வு இது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், குளிப்பாட்டுகிறாள். ஒரு வேலையிலும் குறை வைப்பதில்லை. குழந்தையின் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

என் அக்கா குழந்தையைத் தன் ஊருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். ஆறு மணி நேரப் பயணம். அனுப்ப வேண்டாம் என்கிறார் நர்ஸ். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். நீங்கள் சொல்லுங்கள் பாட்டி.

மாப்பிள்ளை

ஏப்ரல் 18

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். என்னைக் கேட்டதற்கு மிகவும் சந்தோஷம். நீங்கள் பதற வேண்டாம்.

குழந்தையை உங்கள் அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். இன்றைக்கே என்றாலும் சரி. பெற்றவள்தான் வளர்க்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா? நல்ல மனசோடு ஒருத்தி கை நீட்டும்போது மறுக்கக் கூடாது. என் பேத்தி வேலைக்குப் போகட்டும். வேலை இருந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்கும். இந்த நர்ஸுகள் புஸ்தகத்தில் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும், அவ்வளவுதான்.

மருமகளிடமோ மற்றவர்களிடமோ இதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். குழந்தை அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் போதும். படியில் உட்கார்ந்ததையெல்லாம் இனி யாருக்கும் எழுதாதீர்கள்.

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பாட்டி

மே 16

பாட்டிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

அவளைக் கொண்டுபோய் இருபத்துமூன்று நாள் ஆகிறது. கடைக்குப் போகிறேன். காலையில் எழுத்துப் பலகையைத் துடைக்கிறேன், வருகிறவர்களின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறேன், "கடைசி வரி படிங்க" என்கிறேன். எல்லோரும் கடைசி வரியில் பொய் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது ஒரு நாள்.

அண்ணி, இவர் அக்கா, படம் அனுப்பியிருந்தார். அவருடைய தோளில் சாய்ந்து குழந்தை வாய் திறந்து சிரிக்கிறாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வர வேண்டும், வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அவள் அங்கேயே இருந்துவிடட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். கொஞ்ச நாளுக்கு இல்லை, மொத்தமாக. அண்ணிக்குச் சம்மதம். இவர்தான் பேசாமல் இருக்கிறார். நீ சொன்னதுதான் சரி. அம்மாகூட உன் அக்கா, பெரிய பாட்டி மடியில்தானே வளர்ந்தாள், நீ வேலைக்குப் போனதால். ஒரு குறையும் இல்லாமல்தானே வளர்ந்தாள்?

நீ அடித்த ஆணியில் அண்ணி எடுத்த படத்தையே மாட்டிக்கொள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

நத்தை

மே 21

வணக்கம் அம்மா,

நான் உங்கள் பேத்தி வீட்டுக்கு வரும் நர்ஸ். உங்களுக்கு எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

குழந்தையை அனுப்பச் சொன்னது நீங்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள்மேல் வருத்தம் இல்லை. அவள் தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவாள் என்ற பயம் இருந்தால் நானே சில நாள் பிரித்துவைக்கச் சொல்லியிருப்பேன். அவள் அப்படி இல்லை. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. இந்த நேரத்தில் குழந்தை பக்கத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் கிளினிக் மாடியில் ஒரு அறை இருக்கிறது. ஐந்து பாய், ஒரு நீளக் கண்ணாடி. இப்படி இருக்கும் அம்மாக்கள் குழந்தையோடு வந்து உட்காருவார்கள். பாசம் வருகிறதா என்று நான் யாரையும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியே ஆளைக் கொன்றுவிடும். சட்டைப் பொத்தானைக் கழற்றிக் குழந்தையை வெறும் நெஞ்சின்மேல் போட்டுக்கொள்ளச் சொல்வேன், பத்து நிமிடம். பிறகு, குழந்தை என்ன செய்கிறாளோ அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். 'ஜன்னலைப் பார்க்கிறாய், கொட்டாவி விடுகிறாய்' என்று. கொஞ்ச வேண்டாம். நேர்முக வர்ணனை போதும் என்பேன். பாதிப் பேர் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆரம்பித்துச் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பைக் குழந்தை பார்க்கும். அங்கிருந்துதான் தொடங்கும்.

உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று அவளைக் கேட்டேன். "யாருக்கும் இல்ல. எங்க பாட்டி மூணாம் நாளே மெஷின்ல உக்காந்தவங்க. நான்தான் இந்த வீட்லயே முதல் உடைசல்" என்றாள்.

நான் இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன் அம்மா. மூன்றாம் நாளே மெஷினில் உட்காரும் பெண்களை எனக்குத் தெரியும். உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எழுத ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நர்ஸ்

ஜூன் 4

என் நத்தைக்குட்டிக்கு,

முழங்கால், காது, எல்லாம் இருக்கிறபடி இருக்கின்றன. இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று. ஐந்தாம் வகுப்புப் படித்தவள், மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் தாமதத்துக்கு அது காரணம் இல்லை.

உன் அம்மா ஒரு குறையும் இல்லாமல்தானே வளர்ந்தாள் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில்.

உன் பெரிய மாமாவைப் பெற்றபோது எனக்கு ஒன்றும் இல்லை. அவனைத் தின்றுவிடுவதுபோலக் கொஞ்சினேன். மூன்று வருஷம் கழித்து உன் அம்மா. அவளைக் கையில் கொடுத்தபோது, 'இந்த மூட்டையைக் கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்' என்று யாரோ கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்த யாரோ திரும்பி வரவே இல்லை. அவள் அழுதால் நான் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் சத்தம் கேட்காது. நீ படியில் போய் உட்கார்ந்தாய். எனக்குப் படி இல்லை, குழாய் இருந்தது.

என் அக்கா பார்த்துவிட்டாள். குழாயை மூடிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "நீ மெஷினுக்குப் போ, இவள நான் பாத்துக்கறேன்" என்றாள். போனேன். மூன்றாம் நாள். கூடத்தில் எல்லோரும் அடேயப்பா என்றார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷம் பெருமை பேசிவிட்டேன். அது பெருமை இல்லை, ஓட்டம். அதற்கு அப்போது ஒரு பேர் இருப்பதுகூட எங்களுக்குத் தெரியாது. கல்நெஞ்சுக்காரி என்ற ஒரே பேர்தான் தெரியும். அதை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் முந்திக்கொண்டு பெருமை பேசினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் வெள்ளைத் துணிமேல் விழுந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான், எட்டு மாதமாக எதையும் அப்படி நினைக்கவில்லை என்பது தெரிந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடினேன். அக்கா வீட்டு வாசலில் நின்று உன் அம்மாவுக்குக் கையை நீட்டினேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். முகத்தைத் திருப்பி அக்காவின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

நான் கையை மடக்கிக்கொண்டேன்.

எனக்கு வந்தது என் குற்றம் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்தக் கையை மடக்கியது நான். மறுநாளும் போய் நீட்டியிருக்க வேண்டும். அதற்கு மறுநாளும். எனக்கு வெட்கமாக இருந்தது, எட்டு மாதக் குழந்தையிடம். பிறகு அவள் பள்ளிக்கூடம் போனபோது அவள் சீருடைக்குக் காலர் தைத்துக் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் இருவரும் என்னை 'நீ, வா, போ' என்பார்கள். அவள் மட்டும் 'நீங்க சாப்பிட்டீங்களா' என்பாள். ஊரே, என்ன மரியாதையான பெண் என்றது. நானும் சிரித்து வைப்பேன்.

அவளுடைய கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜுரத்தில் அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். நான் குனிந்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க இல்ல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், நோகாதபடி. அக்கா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது அப்போது.

மாப்பிள்ளைக்கு நான் எழுதியது தப்பு. எனக்கு நடந்ததையே உனக்கும் செய்யச் சொன்னேன், அது தப்பில்லை என்று ஆகிவிட வேண்டும் என்று. போய் அவளைக் கூட்டி வா. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கட்டாயம் திருப்பிக்கொள்வாள். நீ கையை மடக்காதே.

இதில் படம் கேட்கவில்லை.

பாட்டி

ஜூலை 9

நத்தைக்குட்டிக்கு,

இங்கே சுகம். நான் எழுதியது கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்து, நீ என்மேல் கோபமாக இருந்தால் அதுவும் நியாயம்தான். உன் அம்மாவை நினைத்துக் கோபம் வரும். வரட்டும்.

தபால்காரர் என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறார். மருமகள், "அத்தை, அவரு என்ன பண்ணுவாரு, அவரா எழுதித் தர முடியும்?" என்கிறாள்.

வேறொன்றும் இல்லை. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பாட்டி

ஆகஸ்ட் 8

பாட்டிக்கு,

கிடைத்தது. இரண்டும் கிடைத்தன. நீ எப்படி இருக்கிறாய்? தபால்காரரைத் துரத்துவதை நிறுத்து.

ஜூன் இருபதாம் தேதி போய்க் கூட்டி வந்தோம். நீ சொன்னபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணியின் சட்டைக் கழுத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அண்ணி அழுதார். குழந்தை அழுதாள். ஆறு மணி நேரப் பயணம் முழுக்க அழுதாள். நான் அவளை மடியில் வைத்திருந்தேன். உன் கடிதத்தை நினைத்துக்கொண்டு கையை மடக்காமல் இருந்தேன். பாசத்தால் இல்லை, சொன்னதைச் செய்யும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஒன்பது நாள் என்னைப் பார்த்தாலே அழுதாள். அண்ணிக்காகத்தான் அழுகிறாள் என்று தெரிந்தும் வைத்துக்கொண்டிருந்தேன். மாடி அறைக்குப் போனோம். பொத்தானைக் கழற்றி நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டேன். நர்ஸம்மா, "என்ன பண்றா, சொல்லு" என்றார். "அழுறா" என்றேன். "அப்புறம்?" என்றார். "இன்னும் அழுறா" என்றேன். அடுத்த பாயில் இருந்த பேக்கரிக்காரப் பெண், "எங்களுக்கும் கேக்குது, கேக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் வந்தது.

அவளிடம் பேச எனக்கு வார்த்தை வரவில்லை பாட்டி. அப்படியானால் எதையாவது வாசி என்றார் நர்ஸம்மா. கைப்பையில் உன் கடிதங்கள்தான் இருந்தன. வெள்ளைத் தொப்பியை வாசித்தேன். நாக்குக்கு டாக்டர் இல்லை என்பதை வாசித்தேன். இரண்டாம் பரிசு ரகசியத்தை அந்த அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அழுகை நின்றது. என் வாயைப் பார்த்தாள். வாயிலிருந்து கண்ணுக்கு வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நொடி. பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து தினமும் காலையில் உன் கடிதம்தான். நேற்று மூன்று நிமிடம் பார்த்தாள்.

இப்போது அவளுக்கு அறை முழுக்கத் தெரியும். எதிர்ச் சுவர் வரைக்கும். அந்த ஒரு சாண் நாட்கள் போய்விட்டன. என் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத நாட்களில் நான் அதைக் காட்டவில்லை. அது திரும்பி வராது. அதை நினைத்துத்தான் அழுகிறேன். இப்போது அழ முடிகிறது, நல்ல அறிகுறிதான் என்கிறார் நர்ஸம்மா. மாத்திரை இன்னும் இருக்கிறது. சில நாள் படிக்கட்டு கூப்பிடுகிறது. போகவில்லை.

ஜூன் கடிதத்தையும் அவளுக்கு வாசித்தேன். குழாய், வெளிச்சம் விழுந்த காலர், வாசலில் நீட்டிய கை, எல்லாவற்றையும். நீ அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அம்மாவின் மூக்கை வைத்திருக்கும் ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தைக்கும் முகத்தைத் திருப்பவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். எனக்குப் பதினாலு வயதிருக்கும். நாம் எல்லோரும் உன் வீட்டில் இருந்தோம். நீ உள்ளறையில் இருந்தாய். அம்மா என் தலையை வாரிக்கொண்டே கேட்டாள். "அவங்களுக்கு என்னைப் பிடிக்காது. ஏன்னு உனக்குத் தெரியுமாடி?" தெரியாது என்றேன். "எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பின்னலை முடித்தாள். 

உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. இந்த வீட்டில் இனி யாரும் எதையும் சொல்லாமல் வைத்திருக்க வேண்டாம் என்றுதான்.

நத்தை

ஆகஸ்ட் 19

என் நத்தைக்குட்டிக்கும், அவள் மடியில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கும்,

பாட்டி சுகம். சுகம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இனிச் சொல்லாமல் எதையும் வைத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய், அதனால் அடித்துவிட்டு எழுதுகிறேன். சுகமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷின் உறைக்குள் வைத்து மூடிவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

உள்ளறையில்தான் இருந்தேன் என்கிறாய். அப்போது எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. ஆனால் இது கேட்கவில்லை, சத்தியமாக. கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்று எழுத வந்தேன். வந்திருப்பேனா என்று தெரியவில்லை. பதில் என்னிடம்தான் இருந்தது. நடுவில் ஒரு கதவு. கதவு பூட்டியிருக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மருமகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "சின்னவளைப் பெத்தப்ப நானும் ஆறு மாசம் அப்படித்தான் அத்தை இருந்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது, நீங்க மூணாம் நாளே மெஷின்ல உக்காந்தவங்களாச்சே" என்றாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு! என் பெருமை எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறது பார்.

சரி. பிள்ளைகளின் செய்தி. வெள்ளைத் தொப்பிக்காரன் கட்டிய பாலத்தில் போன வாரம் பஸ் ஓடியது, விழவில்லை. பல் டாக்டர் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டாள். அதையும் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், என் வாயால் தோல்வியைக் கேட்ட அதிர்ச்சியில் அவருக்கு நாற்காலி தேவைப்பட்டது. இரண்டாம் பரிசுக்காரன் இப்போது எல்லோரிடமும் இரண்டாம் பரிசு என்றே சொல்கிறான். கடைசியில், மூன்று நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தவள். இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் செய்யாதது அது. வாசிப்பதை நிறுத்தாதே. உனக்கு வாசிக்க வேண்டும் என்றே வாரம் ஒன்று எழுதுகிறேன். ஒன்றும் விசேஷமில்லாவிட்டால் மருமகளோடு போட்ட சண்டையை எழுதுகிறேன்.

இன்னொன்று. உன் அம்மா குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அக்கா மடியில் அவள். நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன். நாற்காலியின்மேல் என் கை இருக்கிறது. அவள் தலைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். கண்ணாலேயே அளந்து பார்த்தேன். இத்தனை வருஷம் அதைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். நேற்று எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டேன், நீ எனக்கு அனுப்ப வேண்டிய படத்துக்காக அடித்த ஆணிக்குப் பக்கத்தில்.

அந்த ஆணி காலியாகவே இருக்கிறது. அண்ணி எடுத்த படத்தை நான் மாட்டவில்லை. கதவு நிலையில் உன் கை தெரியும் படத்தையும் மாட்டவில்லை.

புதிதாக ஒன்று எடு. நீ தலை வார வேண்டாம். சிரிக்க வேண்டாம். அழுது வீங்கிய கண்ணோடு இருந்தாலும் இரு. அவள் உன் மடியில் இருக்கட்டும். அவளும் அழுதுகொண்டிருந்தால் பரவாயில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. உன் இரண்டு கையும் தெரிய வேண்டும். எடுத்ததும் தபாலில் போடு.

பாட்டி